லகாட்டுக்குப் போன சாவி

என் மிஷினுக்கு இரண்டு வாய். இடது வாய் படிக்கும்; வலது வாய் எழுதும். இடது வாயில் நான் வைப்பது பூட்டைத் திறந்து திறந்து தேய்ந்த சாவி. வலது வாயில் வைப்பது இன்னும் எந்தக் கதவையும் பார்க்காத, பல் முளைக்காத சாவி. கோசோங் என்போம், மலாயில் வெறுமை. சுவிட்சைத் தட்டினால் ஒரு முள் இடது சாவியின் பற்களைத் தடவிக்கொண்டு போகும். முள் மேட்டில் ஏறினால் வலது பக்கத்துச் சக்கரம் விலகும். முள் பள்ளத்தில் இறங்கினால் சக்கரமும் இறங்கிப் பித்தளையைச் சீவும். அரை நிமிடம்தான். அதற்குள் மேசையெல்லாம் பொன் தூள். மாலையில் வீட்டுக்குப் போய்த் தலையை உதறினால் தரை மினுமினுக்கும். தினமும் இத்தனை பொன்னோடு வீடு திரும்பும் பெண் ஈப்போவின் இந்தப் புந்தோங் வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

வாய் என்று பெயர் வைத்தவள் நானே. மிஷினை விற்ற சீனர், சாவியைப் பிடித்துக்கொள்ளும் அந்த இரும்பு இடுக்கிக்கு ஏதோ ஒரு பெயர் சொன்னார். அரை மணி நேரம் மலாயில் விளக்கிவிட்டு அவர் வேனேறிப் போனதும் அது மறந்துவிட்டது. கடிக்கிறதே, வாய்தானே என்று வைத்துக்கொண்டேன். சும்மா வைத்த பெயர். அது ஒரு குடும்பத்தின் தீபாவளிவரை போகும் என்று யார் கண்டது.

நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சில வருடம், பள்ளிக் கேண்டீனில் சில வருடம், பிறகு முகத்துக்குப் பூசும் கிரீம் விற்றுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக. ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக் குன்றுகள் அத்தனைக்கும் என் ஹெல்மெட்டைத் தெரியும். ஐம்பதை நெருங்கும்போதுதான் இந்த மிஷின் என்னைப் பிடித்து, மளிகைக் கடையின் அஞ்சடியில், அதாவது கடை வாசலோரம் கூரை போட்ட நடைபாதையில், ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தது. உடம்பு உட்கார்ந்தது. கை உட்காரவில்லை.

கைக்கு ஏற்றபடி அதில் ஒரு திருகும் இருந்தது. முள்ளுக்குப் பின்னால், மிளகு அளவுக்கு. அதைத் திருகி முள்ளை முன்னால் தள்ளினால் வெட்டு மேலோட்டமாகும். பின்னால் இழுத்தால் வெட்டு ஆழமாகும். காலையில் கடையை விரித்ததும் முதல் வேலை, இரண்டு வாயிலும் ஒரே மாதிரி இரண்டு கோசோங்கைக் கடிக்கவைத்து, மோட்டாரை ஓடவிடாமல், தட்டை மெல்ல முன்னால் கொண்டுபோவது. இடது சாவி முள்ளைத் தொடும் அதே கணத்தில் வலது சாவி சக்கரத்தைத் தொடவேண்டும். அப்போது சக்கரத்தை விரலால் சுற்றினால் உரசும் சத்தம் காதில் விழவேண்டும். பித்தளையில் கீறல் விழக் கூடாது. சத்தம் உண்டு, காயம் இல்லை. அந்த இடம் கிடைத்துவிட்டால் திருகை விட்டுவிடவேண்டும். விட்டுவிடுவதுதான் எனக்கு வராது. இன்னும் ஒரு மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை என்று கை போய்க்கொண்டே இருக்கும்.

என் மேசையை ஒட்டியே பூக்கார அக்காவின் மேசை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். பேச்சு நின்றால் மாலையும் நின்றுவிடும். ஆயுத பூசை அன்று எங்கள் வரிசை முழுவதுக்கும் பொட்டு வைப்பது அவர்தான். மளிகைக் கடைத் தராசு, முடிவெட்டும் கடைக் கண்ணாடி, என் மோட்டார், என் மிஷின். போன ஆயுத பூசைக்கும் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணம் ஒரு கையிலும், சர்க்கரைப் பொங்கல் தூக்கு ஒரு கையிலுமாக வந்து நின்றார். மிஷினின் மோட்டார் மூடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பிறகு குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, வாயி வாயின்னு சொல்லுவியே. இதுல எது?"

"ரெண்டும்தான்க்கா."

"ரெண்டுல எது சாப்புடுறது?"

"வலது பக்கம். கோசோங்க அதுதான் திங்கும்."

"ஆங், சரி சரி. நீ போய் மோட்டார நகத்து, லோரி வரவனுக்கு வழி இல்ல பாரு."

நான் போய் மோட்டாரை நகர்த்திவிட்டு வந்தேன். பொங்கல் வாங்கிச் சாப்பிட்டோம். அன்றைக்கு மிஷினுக்கு ஓய்வு.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, அக்கா ஒரு சாவியை என் மேசையில் வைத்தார். மஞ்சள் கயிறு கட்டிய, என் நடுவிரல் நீளத்துக்கும் மேலே போகிற சாவி.

"இத இன்னொண்ணு வெட்டணும்லா, தங்கச்சி."

"இம்மாம் நீளமா? எந்த ஜெயிலுக்கா?"

"வாயக் கழுவு. கோயில் சாவி."

கோயிலைப் பற்றி எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து தெரியாமல் இருக்க முடியாது. அக்காவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் செமோரில், தம்பி லகாட்டில், இரண்டுக்கும் நடுவே புந்தோங்கில் அக்கா. படம் போட்டுப் பார்த்தாலும் நடுவில் நிற்கிற ஆள் அவர்தான். மூன்று பேரும் செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை செம்பனை, எண்ணெய்ப் பனை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அதன் இரும்புக் கம்பிக் கதவுக்கு ஒரு பெரிய பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. சாவி அண்ணனின் சட்டைப் பையில்.

ஆடி மாதம் தம்பி, மனைவி மக்களோடும் பொங்கல் பானையோடும் லகாட்டிலிருந்து வந்திருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. அண்ணன் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்தில். வருவதாகத் தம்பி சொல்லவில்லை என்பது அண்ணன் பக்கம். சாமி கும்பிடச் சொல்லிவிட்டா வரவேண்டும் என்பது தம்பி பக்கம். வெளியிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கி, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அக்காதான் இரண்டு மாதம் இரண்டு பக்கமும் ஃபோன் போட்டுப் போட்டு, இன்னொரு சாவி வெட்டித் தம்பி கையில் கொடுத்துவிடுவது என்று அண்ணனைச் சம்மதிக்கவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கோத்தோங் ரோயோங். பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கூடித் தீபாவளிக்கு முன் கழுவிச் சுத்தம் செய்யும் நாள். அன்று தம்பி முதலில் போய்த் தன் சாவியால் கதவைத் திறப்பது என்று ஏற்பாடு.

"அவன் திறந்துட்டான்னா போதும்லா," என்றார் அக்கா. "மத்ததெல்லாம் தானா சரியாவும். அண்ணன் குடுத்தாரு, தம்பி திறந்தான். நாலு பேரு பாப்பாங்க."

நீளச் சாவிகள் எனக்கு அபூர்வம். வருவதெல்லாம் வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, மோட்டார்ச் சாவி. இதற்கான கோசோங்கைப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்தேன். இரண்டையும் இரண்டு வாயில் வைத்தேன். சாவிக்குத் தலை முடிந்து உடம்பு தொடங்கும் இடத்தில் ஒரு தோள் இருக்கும். இரண்டு தோளும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். நிறுத்தினேன். இறுக்கினேன். சுவிட்சைத் தட்டி, முள்ளின்மேல் சாவியை நடத்தினேன். ஏறி, இறங்கி, ஏறி, ஏறி, இறங்கி. கம்பித் தூரிகையில் பிசிறு நீக்கி, இரண்டு சாவியையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பார்த்தேன். அஞ்சடி வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

"திறக்கும்லா?" என்றார் அக்கா.

"கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கலாம்க்கா."

பூட்டு அங்கே, செம்பனைக்குள். சாவி இங்கே. போட்டுப் பார்க்காமல் சொன்ன சொல்.

திங்கட்கிழமை அக்கா பூ மூட்டையைப் பிரிக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்து, நான் வெட்டிய சாவியை வைத்தார். அதில் மண் ஒட்டியிருந்தது.

"உள்ள போவுது. திரும்பல."

"திரும்பலையா?"

"நாப்பது பேரு நிக்கிறாங்க, தங்கச்சி. வாளியும் வெளக்கமாறுமா. இவன் இப்படித் திருப்புறான், அப்படித் திருப்புறான். கை சிவந்து போச்சி. பின்னால எவனோ, 'மச்சான், லகாட் சாவிய தூக்கிட்டு வந்துட்டியா'ன்னு கேக்குறான். எல்லாம் சிரிக்கிறாங்க. அப்புறம் அண்ணன் வந்தாரு. பையில கைய விட்டாரு, சாவிய எடுத்தாரு, ஒரே திருப்பு. தொறந்துக்கிச்சி."

"தம்பி என்ன சொன்னாரு?"

"'திறக்காத சாவியா பாத்து வெட்டிக் குடுத்து, ஊரக் கூட்டி என்ன அசிங்கப்படுத்திட்டாரு'ன்னான். சாவிய மண்ணுல வீசிட்டு வண்டி ஏறிட்டான். அண்ணன் வாயே தொறக்கல. தீபாவளிக்கு விளக்கேத்த வரவே மாட்டானாம். இனி அந்தப் படி ஏற மாட்டானாம்."

அக்காவின் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால்கூடத் தேவலை. மல்லிகை மூட்டை பிரிக்காமல் கிடந்தது; அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "பூட்டு பழசாயிருக்கும்க்கா," என்றேன். அக்கா அதை நம்பி, அங்கேயே நின்று தம்பிக்கு ஃபோன் போட்டு அதையே சொன்னார். எனக்கும் கேட்கும்படி பதில் வந்தது.

"அண்ணன் சாவிக்கு மட்டும் பூட்டு புதுசா இருக்கா?"

நியாயமான கேள்வி. அக்கா ஃபோனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் மிஷினைப் பார்த்தேன்.

அந்த வாரம் முழுவதும் என் கை சும்மா இருக்கவில்லை. மூலச் சாவி அண்ணனிடம் திரும்பிப் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. வீட்டுச் சாவி அளவில் இரண்டு கோசோங்கை வைத்துச் சோதித்தேன். உரசும் சத்தம் உண்டு, காயம் இல்லை. மிஷினில் தப்பே இல்லை. தப்பு இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. முள் ஒருவேளை பின்னால் போயிருக்குமோ என்று ஒரு மயிரிழை முன்னால் தள்ளினேன். அப்புறம் அது அதிகமோ என்று இரண்டு மயிரிழை பின்னால் இழுத்தேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். எண்ணெய் விட்டேன். எண்ணெயைத் துடைத்தேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கடை கட்டும் முன் ஒன்று என்று அந்த மிளகுத் திருகு என் விரலுக்குப் பழகிப்போனது.

விளைவு உடனே வந்தது. ஒரு டீச்சரம்மா வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொண்டுவந்தார். முடிவெட்டும் கடைக்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். எனக்கு அஞ்சடியில் இடம் கொடுத்திருக்கும் மளிகைக் கடைக்காரர், நான் வெட்டிக்கொடுத்த சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பலர் முன்னால் சொன்னார்:

"ஏம்மா, இது பூட்டுக்கு ஆவாது. காது குடையத்தான் ஆவும். நல்லாத்தான் குடையுது."

"குடுங்க, மாத்தித் தாரேன்."

"வேணாம்லா, இருக்கட்டும். இந்த மாதிரி காது குடைஞ்சி நாளாச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் மாலை கட்டிக்கொண்டிருந்தார், பேசாமல். பேசாமலும் அவரால் மாலை கட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த மழை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் ஈயச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருண்டது. குன்றுகள் மறைந்தன. ஒரே ஒரு இடி; தெரு முழுக்கக் கரண்டு போனது. மளிகைக் கடை ஃப்ரிட்ஜ் முனகி நின்றது. மிஷின் பாதிச் சாவியில் நின்றது. மழை அஞ்சடியின் ஓரம்வரை வந்து எங்களைச் சுவரோடு ஒதுக்கியது. செய்வதற்கு ஒன்றுமில்லை. திருகைத் தொடக்கூட வெளிச்சம் போதவில்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகோ, நான் சும்மா உட்கார்ந்தேன்.

சும்மா உட்கார்ந்தபோதுதான் எறும்புகளைப் பார்த்தேன்.

மேசைக் காலிலிருந்து ஏறி, பித்தளைத் தூளின் நடுவே ஒரு பாதை போட்டு, ஒன்றன் பின் ஒன்றாக மிஷினுக்குப் போய்க்கொண்டிருந்தன. சில நாட்களாகவே அவை வந்துகொண்டிருந்தன. நான் தூரிகையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது தள்ளவில்லை. எறும்புக்கு எண்ணெய் ஆகாது, பித்தளை ஆகாது, எதற்கு வருகிறது? குனிந்தேன். எறும்புகள் வலது வாய்க்குள் போயின. வாயின் உள்கோடி வரைக்கும் போய், அங்கே சுற்றிச் சுற்றி வந்தன.

ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். கோடியில், சாவியின் முதுகு உட்காரும் தளத்தில், தூளும் எண்ணெயும் மூடி ஒரு கறுப்புப் படிவு. இரும்போடு இரும்பாகத்தான் தெரிந்தது. ஊசியால் நெம்பினேன். கல்லாக இறுகியிருந்தது. இன்னும் நெம்பியதும் சட்டென்று பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. நசுங்கி, தட்டையாகி, பொன்னிறத் தூள் அப்பிய ஒரு பருக்கை. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய்க்கு அடியில் வெல்லமும் ஏலக்காயும்.

"அக்கா."

"என்னாலா?"

"ஆயுத பூசை அன்னிக்கி இந்த மிஷினுக்கு என்ன பண்ணீங்க?"

"பொட்டு வச்சேன்."

"பொட்டு மட்டும்தானா?"

அக்கா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

"நீதானே வாயின்னே. பூசை அன்னிக்கி எல்லாரும் சாப்புடுறோம், அது மட்டும் பட்டினியா நிக்குது. வாயின்னு ஒண்ணு இருந்தா ஊட்டாம எப்படி? துளியூண்டு, தங்கச்சி. ரெண்டு பருக்கைகூட இருக்காது."

"ஒண்ணுதான்க்கா இருந்துச்சி."

உள்ளங்கையை நீட்டினேன். இரண்டு பேரும் ஃபோன் வெளிச்சத்தில் அந்தப் பருக்கையைப் பார்த்தோம். நான் விளக்கினேன். வீட்டுச் சாவி குட்டை. அது கோடிவரை எட்டாது, பருக்கையைத் தொடாது. அதனால்தான் சோதித்தபோதெல்லாம் சரியாக இருந்தது. கோயில் சாவி நீளம். அதன் நுனி பருக்கையின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நுனி ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் நீண்டதால் கடைசிப் பல் மட்டும் ஆழமாக வெட்டுப்பட்டது. உள்ளே போகும், திரும்பாது.

"மத்த சாவியெல்லாம்?"

"அது நான் கெடுத்தது. என் கை."

அக்கா பருக்கையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப எங்க அண்ணனையும் தம்பியையும் பிரிச்சி வச்சது நான்தானா? என் கையால? சர்க்கரப் பொங்கல் ஊட்டி?"

அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று எழுந்தேன். சிரிப்பு. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்காலியே ஆடும்படி சிரித்தார். மழைச் சத்தத்தையும் மீறி மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னாச்சி? கரண்டு வந்துருச்சா?" என்றார். அதற்கும் சிரித்தோம்.

கரண்டு வந்ததும் முதலில் வாயைக் கழுவினேன். தூரிகையால், துணியால், கோடிவரை. பிறகு திருகை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இம்முறை நீளக் கோசோங் இரண்டை வைத்தேன். உரசும் சத்தம், தலையிலிருந்து நுனிவரை ஒரே மாதிரி. காயம் இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அக்காவின் அண்ணன் செமோரிலிருந்து மோட்டாரில் வந்தார். சாவியைக் கொடுத்தனுப்ப மனமில்லை, தானே கொண்டுவந்தார். லோரி ஓட்டி ரிட்டாயர் ஆனவர், ஒல்லி உடம்பு, வார்த்தைக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம். மஞ்சள் கயிற்று நுனி பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்தத் தடவையாச்சும் திறக்குமா?"

"திறக்கும்னு சொல்ல மாட்டேங்க. போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

காகிதத்தில் மடித்து வைத்திருந்த பருக்கையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதாங்க."

"நான் வேணும்னே திறக்காத சாவியக் குடுத்தேன்னு அவன் நினைக்கிறான். அன்னிலேருந்து நானும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன், அப்படியும் இருக்குமோன்னு." அவர் தங்கையைப் பார்க்கவில்லை; மிஷினைப் பார்த்துத்தான் சொன்னார். "வெட்டச் சொல்லிக் குடுத்தப்போ எனக்கு மனசே இல்ல. மனசு இல்லாம குடுத்தது திறக்கலபோல."

"மனசுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல," என்றார் அக்கா. "பொங்கல்."

வெட்டினேன். அவர் என் பக்கத்திலேயே நின்று, முள் ஏறுவதையும் இறங்குவதையும் லோரிக்காரர் மலைப்பாதையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிசிறு நீக்கிச் சாவிகளை முதுகோடு முதுகு சேர்த்து, இம்முறை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒளி புகவில்லை. பழைய தப்புச் சாவியையும் சேர்த்துப் பார்த்தேன். கடைசிப் பல்லில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம். அவரிடமும் காட்டினேன். அந்த நூலை அவர் இரண்டு தரம் பார்த்தார். பூட்டுக்கு எண்ணெய் போட்டால் தூசி பிடிக்கும், கரித்தூள்தான் போடவேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

தம்பிக்கு அக்கா ஃபோன் போட்டார். பருக்கைக் கதையை அவர் நம்பவில்லை. "கதை விடாத, அக்கா," என்றார். அக்கா கெஞ்சவில்லை. "தீபாவளி காலைல ஏழு மணிக்கு நான் கோயில் வாசல்ல நிப்பேன். சாவிய வெட்டுனவளும் நிப்பா. வந்து ஒருவாட்டி திருப்பிப் பாரு. திறக்கலன்னா அவள ஏசிட்டுப் போ," என்றார். என்னைப் பார்த்துக் கண்ணையும் சிமிட்டினார்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலைமேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பின்னால் அக்காவையும் அக்காவின் மடியில் பொங்கல் தூக்கையும் ஏற்றிக்கொண்டு செமோருக்குப் போனேன். சேலை நுனியில் முடிந்து ஒரு சின்ன அரமும், பென்சிலைச் சீவி எடுத்த கரித்தூளும். குன்றுகளின் இடுப்பில் பனி. செம்பனைக்குள் மண்பாதை, இரண்டு பக்கமும் ஈர மட்டைகள் காலைத் தொட்டுத் தொட்டு விட்டன. கோயில் சின்னது, மஞ்சளும் சிவப்புமாக, அத்தனை பச்சைக்கு நடுவே யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொட்டலம்போல.

அண்ணன் ஏற்கெனவே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். கதவு பூட்டியே இருந்தது. வெளிறிய நீலக் கார் ஒன்று கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தம்பி, கண்ணாடியை இறக்கவில்லை.

"ஏன்ணே, இன்னும் தொறக்கல?" என்றார் அக்கா.

"சாவிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

நான் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தேன். புதுச் சட்டை, வெள்ளை, மெல்லிய துணி. அதற்குள் என் நடுவிரலைவிட நீளமாக ஒன்று படுத்திருந்தது. பையின் ஓரத்தில் மஞ்சள் கயிறு ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது. அவர் கையைத் தூக்கி, தொட்டுப் பார்க்கிற அந்தப் பழக்கத்தில் பையைத் தொடப் போய், பாதி வழியில் நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டார். அக்காவும் பார்த்துவிட்டார். எங்கள் கண்கள் சந்தித்தன. உடனே இரண்டு பேரும் செம்பனையைப் பார்த்தோம்.

அக்கா கார்வரை நடந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"உங்க அண்ணன் சாவிய மறந்துட்டு வந்துட்டாராம். உன் சாவி ஒண்ணுதான் இருக்கு. தொறக்குறியா, இல்ல நான் இங்கயே அடுப்பு வைக்கவா?"

எஞ்சின் நின்றது. தம்பி இறங்கினார். அண்ணனின் அதே ஒல்லி உடம்பு, அதே மீசை, அதே வெள்ளைச் சட்டை. அக்கா கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் படியேறினார். பூட்டைத் தூக்கினார். என் விரல்கள் சேலை நுனியில் அரத்தைத் தேடின. அந்தத் திருகு இங்கே இருந்திருந்தால் நிச்சயம் திருகியிருப்பேன்.

சாவி உள்ளே போனது. நின்றது. தம்பியின் மணிக்கட்டு ஒரு கணம் தயங்கியது. மறுபடி நாலு பேர் முன்னால் கை சிவக்க வேண்டுமா என்று அது யோசித்ததுபோல். பிறகு திருப்பினார்.

டக்.

இவ்வளவு நாளாக எத்தனையோ சாவி வெட்டியிருக்கிறேன். பூட்டு திறக்கும் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. அதெல்லாம் யார் யாருடைய வீட்டிலோ நடக்கிறது. அன்றுதான் கேட்டேன்.

தம்பி பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவைத் தள்ளவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இந்தப் பூட்டுக்கு எண்ணெ போடணும்."

"எண்ணெ போட்டா தூசி புடிக்கும்லா. கரித்தூளுதான் போடணும்," என்றார் அண்ணன், படியிலிருந்து.

"எவன் சொன்னான்?"

"இந்த சாவிக்காரம்மாதான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் முடிச்சை அவிழ்த்துக் கரித்தூளை நீட்டினேன். அண்ணன் எழுந்து போய்ப் பூட்டைப் பிடித்தார், தம்பி தூளை உள்ளே ஊதினார், இரண்டு வெள்ளைச் சட்டையிலும் கரி. யார் அதிகம் ஊதியது என்று அதற்கும் ஒரு சிறு சண்டை. அக்கா அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். விளக்கேற்றியது தம்பி. அம்மனுக்குப் பூ போட்டது அண்ணன். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிறு முழுசாக வெளியே வந்து தொங்கியது. தம்பி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விளக்குத் திரியைத் தூண்டிவிடுவதில் மும்முரமானார்.

வெயில் ஏறியபின் படியில் உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் பொங்கல் சாப்பிட்டோம். எங்கும் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா தூக்கின் அடியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்:

"தங்கச்சி, மிச்சம் இருக்கு. உன் மிஷினுக்கு இலையில கட்டித் தாப்பாவ் பண்ணிக் குடுக்கவா?"

"அது விரதம்க்கா," என்றேன்.